இல்லை என்று அழுத்திய விரல்

என் வலது முழங்கைக்குக் கீழே பதினோரு தையல். கிழித்தவன் பெயர் செல்லத்துரை, மருந்துக்கடைக்காரன். பதிலுக்கு நான் அவனுடைய சுண்டுவிரலை ஒடித்தேன். விசாரணைக்கு வந்த அதிகாரி, "ஒரு நர்ஸ் இப்படிச் செய்யலாமாம்மா?" என்று ரொம்ப சாந்தமாகக் கேட்டார். அவரைக் கொண்டுவந்து அன்றைக்கு மத்தியானம் எங்கள் வார்டில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்திருந்தால் தெரிந்திருக்கும். நாற்காலிக்கு அடியில்தான் போயிருப்பார்.

நான் எப்சிபா. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்தொன்பது வருஷம். எனக்குக் கோபம் அதிகம் என்று என் புருஷனில் இருந்து வார்டு பெருக்குகிற முத்தம்மாள் வரை எல்லாரும் சொல்வார்கள். வாஸ்தவம்தான். ஆனால் ஒரு பிள்ளை மேல் என் கோபம் விழுந்ததாக ஒருத்தர் சொல்லட்டும் பார்க்கலாம்.

எங்கள் வார்டின் நடுவில் ஒரு மெஷின் இருக்கிறது. அரசாங்கம் வைத்த பெயர் வழிகாட்டி. நாங்கள் வைத்த பெயர் மாமியார். அது சொன்னதைத்தான் செய்யவேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது, சாவியும் அதனிடம்தான் இருக்கும். ரத்தத்தில் கிருமி பரவி, பிரஷர் விழுந்து, எந்த மருந்துக்கும் ஏறாத பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு கொடுக்கலாமா கூடாதா என்று சொல்வதுதான் அதன் வேலை. ஒரு சொட்டு ரத்தம் வைத்து, திரையில் மூன்று கேள்விக்குப் பதில் அழுத்தினால் நாலு நிமிஷத்தில் பச்சையோ சிவப்போ எரியும். பச்சை என்றால் அதன் வயிற்றில் இருக்கிற மருந்துப் பெட்டி திறக்கும். சிவப்பு என்றால் திறக்காது. ஆஸ்பத்திரியில் வேறு எங்கேயும் ஒரு குப்பி ஸ்டீராய்டு கிடையாது. மாமியார் வந்த இந்த நாலு வருஷத்தில் எங்கள் வார்டில் சாவு பாதியாகக் குறைந்தது. அதனால் நாங்கள் கிண்டல் பண்ணினாலும், அதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றோம்.

அந்த மூன்று கேள்வியில் மூன்றாவது: குழந்தைக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டதா? ஆம். இல்லை.

ஒருமுறை அழுத்திவிட்டால் ஆறு மணி நேரத்துக்கு மாற்ற முடியாது. ஆரம்பத்தில் அப்படி இல்லை. பெட்டி திறக்கவேண்டும் என்பதற்காக நாங்களே மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தோம். அதைக் கண்டுபிடித்துப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். எங்கள் புத்திதான், வேறென்ன.

மே மாதம், மத்தியானம் மூன்று மணி இருக்கும். டிரைவர் இல்லாத ஆம்புலன்ஸ் ஒன்று வாசலில் வந்து நின்றது. ஆறு வயசுப் பெண் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் ஓடிவந்தான். பின்னால் அவன் மனைவி, செருப்பில்லாமல்.

"சிஸ்டர், ரெண்டு நாளா காய்ச்சல். நேத்துல இருந்து வயித்துல ஒண்ணும் தங்கல, எல்லாத்தையும் கக்கிருதா. காலையில இருந்து கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிட்டு."

பிள்ளை பெயர் தாரிகா. கொழுகொழுவென்று கன்னம். இடது கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு. பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நல்லா வளர்த்திருக்காங்க என்று தோன்றியது. அந்த அவசரத்திலும் அந்தக் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டி, "ஏட்டி தங்கம், கண்ணத் தொற" என்றேன். பத்தொன்பது வருஷ சர்வீஸ்.

ஊசி ஏற்றிக்கொண்டே கேட்டேன். "அண்ணாச்சி, வேற எங்கயாவது காட்டுனீயளா? ஊசி, மாத்திரை, ஸ்டீராய்டு ஏதாச்சும் குடுத்திருக்கா?"

"இல்ல சிஸ்டர். நானே மெடிக்கல் வச்சிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

மனைவி ஜெயக்கனியும் இல்லை என்று தலையாட்டினாள். நான் இந்தக் கட்டைவிரலால் "இல்லை" என்று அழுத்தினேன்.

சிவப்பு எரிந்தது. கீழே எழுத்து ஓடியது: கொடுக்காதே. கொடுத்தால் உயிருக்கு ஆபத்து.

டாக்டர் நஸ்ரின் எனக்கு மகள் வயசு. மேலப்பாளையத்துப் பெண். பதறாத பெண். சலைன் ஓடியது, பிரஷர் மருந்து இரண்டு ஓடியது, ஆண்டிபயாட்டிக் போய்விட்டது. அப்படியும் பிரஷர் அறுபதைத் தாண்டவில்லை. அவள் அந்தத் தகப்பனைக் கூப்பிட்டு நின்றபடியே பேசினாள்.

"அண்ணாச்சி, செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சுக்கிட்டு இருக்கோம்."

"ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுங்க டாக்டரம்மா. எந்திரிச்சிருவா."

"அது எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துக்காது அண்ணாச்சி. சில பிள்ளைக்கு உயிர் குடுக்கும். சில பிள்ளைக்கு இருக்கிற கொஞ்சநஞ்ச எதிர்ப்பு சக்தியையும் அமுக்கிட்டு, கிருமிக்குக் கதவத் தொறந்து விட்டுரும். எந்தப் பிள்ளைக்கு எதுன்னு தெரியாமத்தான் டாக்டருங்க வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டாங்க. இப்பம் மெஷின் சொல்லிருது."

"மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம உடம்புலயே ஸ்டீராய்டு சுரக்கு. அது ரத்தத்துல வேலை பார்த்த தடத்தை மெஷின் படிக்கும். உங்க பிள்ளை ரத்தத்துல அந்தத் தடம் நெறைய இருக்கு. அவ உடம்பே தேவைக்கு மேல சுரந்துட்டு இருக்குன்னு அர்த்தம். இதுக்கு மேல ஊத்துனா தாங்க மாட்டா."

"மெஷின் தப்பாச் சொல்லுது."

"எத வச்சுச் சொல்லுதீய?"

அவன் வாயைத் திறந்தான். மனைவியைப் பார்த்தான். மூடிக்கொண்டான். அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பத்து நிமிஷம் ஆளைக் காணோம். திரும்பி வரும்போது ஏழெட்டுப் பேரோடு வந்தான், மச்சினன்மார், கடைத்தெருக்காரர்கள். கதவுக் கண்ணாடி முதல் உதையிலேயே போய்விட்டது. ஒருத்தன் சலைன் ஸ்டாண்டைப் பிடுங்கி மாமியாரின் திரையில் ஓங்கி அடித்தான். இரும்புப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. திரை மட்டும் சிலந்திக்கூடு மாதிரி கீறிக்கொண்டு, அப்படியும் சிவப்பாகவே எரிந்தது. பக்கத்துக் கட்டிலில் பத்து மாசக் குழந்தை. அதன் போர்வையில் கண்ணாடித் தூள். அதன் தாய் குழந்தை மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். அவள் முதுகில்தான் இரண்டாவது அடி விழுந்தது.

"தொறங்கடே அத! எம்புள்ள சாகுதா!"

"தொறக்காதுய்யா! எங்க கையில இல்ல!" என்று நஸ்ரின் கத்தினாள். ஒருத்தன் அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. கையில் கிடைத்த, ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கிற இரும்புச் சாவியால் அவன் முட்டியில் போட்டேன். அவன் உட்கார்ந்தான். திரும்பிப் பார்த்தால் செல்லத்துரை தாரிகாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறான். சட்டைப் பையில் இருந்து ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியும் சிரிஞ்சும் எடுத்துவிட்டான். அந்தக் குப்பியைத் தூரத்தில் இருந்தே எனக்குத் தெரியும். டெக்ஸா. ஸ்டீராய்டு.

கொடுத்தால் உயிருக்கு ஆபத்து. என் மண்டையில் அது மட்டும்தான் ஓடியது. பாய்ந்து அவன் கையைப் பிடித்தேன். அவன் விடவில்லை. கடித்துப் பார்த்தேன், விடவில்லை. சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினேன். சடக்கென்று ஒடிந்தது. அப்போதும் குப்பி அவன் கையில்தான் இருந்தது. கையோடு சேர்த்துக் கட்டில் கம்பியில் அடித்தேன். குப்பி உடைந்தது, மருந்து தரையில் சிந்தியது. அவன் அதைப் பார்த்துக் கத்திய கத்தலை நான் எந்தத் தகப்பனிடமும் கேட்டதில்லை. மிச்சம் கையில் இருந்த கண்ணாடியால் என் கையைக் கிழித்தான். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

அதற்குள் செக்யூரிட்டி வந்துவிட்டார்கள். இரண்டு பேரும் பழைய பட்டாளத்துக்காரர்கள். கூட்டம் சிதறி ஓடியது. செல்லத்துரை மட்டும் ஓடவில்லை. அவனை வராந்தாவுக்கு இழுத்துப்போய்த் தடியாலும் பூட்ஸ் காலாலும் அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம் உள்ளே கேட்டது. நன்றாக வாங்கட்டும் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

கையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பிள்ளையிடம் போனேன். பிரஷர் நாற்பத்தெட்டு. என் ரத்தம் அவள் முகத்தில் சொட்டியிருந்தது. பஞ்சை நனைத்துத் துடைத்தேன். ரத்தத்தோடு திருஷ்டிப் பொட்டும் அழிந்துபோனது.

பொட்டு இல்லாத அந்தக் கன்னத்தைப் பார்த்தேன். உருண்டு, பளபளவென்று, லேசாகச் சிவந்து இருந்தது. கையைப் பார்த்தேன். குச்சி. காலைப் பார்த்தேன். குச்சி. இந்த முகத்துக்கு இந்தக் கை கால் இல்லையே. கவுனைக் கத்தரித்தேன். வயிறு முன்னால் தள்ளி, தோலில் ஊதா ஊதாக் கோடு. பிடரியில் கை கொடுத்தால் மெத்தென்று ஒரு திரட்சி. அடிப்பாவி எப்சிபா, கொழுப்பு என்று நினைத்தாயே, இது வீக்கமல்லவா!

நான் ஓடினேன். செக்யூரிட்டியைத் தள்ளிவிட்டுக் கீழே கிடந்தவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, சட்டையைப் பிடித்துத் தூக்கினேன்.

"என்னல குடுத்த அவளுக்கு?"

"ஒண்ணும்…"

அறைந்தேன். "பேரச் சொல்லு!"

"சத்து மாத்திரை…"

திரும்பவும் அறைந்தேன். என் கை ரத்தம் அவன் கன்னத்தில் ஒட்டியது. "நான் நர்சுல. என்கிட்ட சத்து மாத்திரைங்காத. பேரு!"

"டெக்ஸா. டெய்லி ஒரு மாத்திரை. எட்டு மாசமா." அவன் கண் என்னைத் தாண்டிப் போனது. பின்னால் ஜெயக்கனி நின்றாள். "இளைச்சுக் கெடந்தா சிஸ்டர். போன எடமெல்லாம் புள்ளைக்குச் சோறு போடுதீயளா இல்லையான்னு கேட்டாவ. பசி எடுக்கட்டும், நாலு மாசத்துல நிறுத்திரலாம்னுதான் குடுத்தேன். நிறுத்துனா சோந்து சோந்து விழுந்தா. பயந்து திரும்பக் குடுத்தேன்."

ஜெயக்கனி ரெண்டு எட்டு வைத்து வந்தாள். வெறுங்காலால் அவன் வாயில் மிதித்தாள். பட்டாளத்துக்காரர்கள் எடுக்காத முன்பல்லை அவள்தான் எடுத்தாள்.

"ஊட்டுன கை என் கைல்லா," என்றாள். "தேன்ல குழைச்சு ஊட்டுனேனே யக்கா. சத்துக்குன்னாரே."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெளியில் இருந்து தினமும் ஸ்டீராய்டு வந்தால் பிள்ளையின் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும். இப்போது கிருமி வந்து, மாத்திரையும் வாந்தியில் போய், அவளுக்கு என்று ஒரு துளி இல்லை. ரத்தத்தில் இருந்த தடம் முழுக்க மாத்திரையினுடையது. மெஷின் சரியாகத்தான் படித்தது. அதற்கு நான்தான் இல்லை என்று சொல்லிக்கொடுத்தேன். ஆம் என்று அழுத்தியிருந்தால் நாலே நிமிஷத்தில் பெட்டி திறந்திருக்கும். இந்தப் பயல் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல வாய் வராமல், ஒரு வார்டையே அடித்து நொறுக்கினான்.

நொறுங்கிய திரையில் ஓடிப்போய் அழுத்தினேன். பதிலை மாற்ற இன்னும் ஐந்து மணி பத்து நிமிஷம் உள்ளது என்றது. பூட்டை எடுக்கச் சொல்லி, மெஷினைக் கவனிக்கிற சென்னை ஆபீசுக்குப் போன் போட்டால் காத்திருக்கச் சொல்லிப் பாட்டு ஓடியது. பிரஷர் நாற்பது.

திரும்ப வராந்தாவுக்கு வந்தேன். "இன்னொரு குப்பி இருக்கா?"

அவன் வீங்கிய கையால் பேன்ட் பையைத் தொட்டான். பூட்ஸ் கால்கள் மிதித்த அதே இடுப்பு. உள்ளே கைவிட்டேன். இரண்டு குப்பி. ஒன்று பொடிப்பொடி. ஒன்று முழுசு. நான் கும்பிடுகிற தெய்வத்தை அன்றைக்கு வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

நஸ்ரின் தன் நெற்றியில் பஞ்சை அழுத்திக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"எப்சி சிஸ்டர், சிவப்பு எரியுது. சிவப்புல போட்டா என் ரிஜிஸ்ட்ரேஷன் போயிரும். ஒருவேளை நீங்க நினைக்கது தப்பா இருந்தா, கொன்னதும் நாமதான்."

"நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க மேடம். நான் போடுதேன்."

சிரிஞ்சை எடுத்தேன். கிழிந்த கைக்குப் பிடிமானம் இல்லை. ஊசி குப்பிக்குள் இறங்கவே இல்லை. மூன்று தடவை தவறியது. நஸ்ரின் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையில் இருந்து இரண்டையும் வாங்கினாள்.

"கொஞ்சம் லைட்டப் பிடிங்க," என்றாள். அவ்வளவுதான். மருந்து உள்ளே போனது.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. இரண்டாவது மணியில் ஐம்பத்தாறு. அப்புறம் அறுபத்திரண்டு. சாயங்காலம் ஆறு மணிக்குத் தாரிகா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். முத்தம்மாள் கண்ணாடித் தூளைப் பெருக்கியபடியே ஓவென்று அழுதாள். எனக்கு அப்போதுதான் தையல் போட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக லீவு போட்டுத் தூங்கியிருப்பேன்.

நாலாவது நாள் தையலோடு ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். மாமியாருக்கு ஒரு பழக்கம் உண்டு. வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் முகத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளும். நாலு வருஷத்தில் சிவப்பு எரிந்து, எங்கள் வார்டிலேயே இறந்துபோன பிள்ளைகள் இருபத்து மூன்று. படங்களை ஒன்றொன்றாகத் திறந்தேன். ஒன்பது முகம் உருண்டை. பளபளவென்று கன்னம். ஐந்தில் திருஷ்டிப் பொட்டு. ஒன்பதுக்கும் மூன்றாவது கேள்விக்கு அழுத்திய பதில்: இல்லை, இல்லை, இல்லை. அதில் ஆறு படத்துக்குக் கீழே, அழுத்தியவர் பெயர் எப்சிபா. சாவு பாதியாகக் குறைந்தது என்று நாங்கள் கைதட்டிக் கேக் வெட்டினோமே, அந்த மிச்சப் பாதியில் இவர்கள் இருந்தார்கள்.

செல்லத்துரை அதே ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில்தான் கிடந்தான். விலா எலும்பு மூன்று முறிவு, விரலில் கட்டு, வாசலில் போலீஸ்காரர். கடைக்கு முந்தின நாள்தான் சீல் வைத்திருந்தார்கள். யார் யாருக்கு மாத்திரை கொடுத்தாய் என்று போலீஸ் கேட்டதற்கு, என் பிள்ளைக்கு மட்டும்தான் என்று வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி ஒரே பிடியாக நின்றான். ஒவ்வொரு பெயரும் ஒரு கேஸ் அல்லவா.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். "தாரிகா எப்படி இருக்கா சிஸ்டர்?"

"நல்லா இருக்கா. முகம் வடிய ஆரம்பிச்சிருக்கு."

"இளைச்சிட்டாளா?" என்றான். கேட்டபிறகுதான் அவனுக்கே சுருக்கென்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒன்பது படத்தையும் போர்வை மேல் பரப்பினேன். "இதுல யாராவது தெரியுதா அண்ணாச்சி?"

ஒவ்வொன்றாகப் பார்த்தான். கட்டுப்போட்ட கையை எடுத்து ஒரு படத்தில் வைத்தான். "இது கேசவன் பேரன்." இன்னொன்றில் வைத்தான். "டெய்லர் மக." மூன்றாவதையும் தொட்டான். நாலாவது படத்தில் கை நின்றது. "இவங்கல்லாம் காய்ச்சல்ல செத்ததாச் சொன்னாவளே சிஸ்டர். நான் வீட்டுக்கே போய் மாலை போட்டேனே."

"காய்ச்சல்தான். தாரிகாவுக்கு வந்த அதே காய்ச்சல்."

"இவங்க வீட்டுல யாரும் மாத்திரையப் பத்திச் சொல்லலையா?"

"கேட்டேன். இல்லைன்னாவ. சத்து மாத்திரைய யாரு அண்ணாச்சி மருந்துன்னு சொல்லுவா?"

"இல்லைன்னு மெஷின்ல யாரு போட்டது?"

"நான்தான்."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். விரலை ஒடித்தபோதுகூட அவ்வளவு கிட்டத்தில் நாங்கள் இருக்கவில்லை.

"நேத்து உங்க கடைக்குச் சீல் வச்சாச்சு," என்றேன். "இன்னைக்கு ஊர்ல எத்தனை பிள்ளைக்கு மாத்திரை நின்னுருக்கும்? திடீர்னு நின்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சாத்தான் பிழைக்கும். ஒரு சின்னக் காய்ச்சல் வந்தாக்கூடத் தாங்காது. வக்கீல் சொன்னத வக்கீலுக்குச் சொல்லிக்கிடுங்க. எனக்குப் பேரு வேணும்."

ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் போர்வை மேல் வைத்தேன். வாசலில் நின்ற போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். செல்லத்துரை அவரைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், அந்த நாலு படங்களைப் பார்த்தான். பிறகு பேனாவை எடுத்தான். ஒடிந்த விரல் தடுக்க, கோணல் மாணலாக எழுதினான். பெயர், தெரு, வயசு. நிறுத்தாமல் எழுதினான். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினான். ஓரத்தில் குறுக்காக எழுதினான். நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

கடைசியில் தலை நிமிர்ந்தான்.

"இன்னொரு தாள் இருக்கா சிஸ்டர்?"